காத்தப் பிடிச்சு காருக்குள்ள கட்டின கதைங்க: உங்களுக்குப் பிடிச்ச வித்தியாசமான ஏரோ சோதனை எது?

#1 பின்சிறகு

மக்களே, ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டு இருந்த விஷயம் இது. ரேஸ் கார் இஞ்சின் பத்தி பேச ஆயிரம் பேர் இருக்காங்க, ஆனா ஏரோடைனமிக்ஸ்னு வாயெடுத்தாலே அது பெரிய கணக்கு, கம்ப்யூட்டர்ல பாக்கற வேலைன்னு எல்லாரும் ஒதுங்கிடறாங்க. எனக்கு அப்படித் தோணல. காத்து கண்ணுக்குத் தெரியாது, சரி. ஆனா அது எங்க தொட்டுச்சு எங்க தொடலங்கறதுக்கு எப்பவும் ஏதோ ஒரு தடயம் இருக்கும், அத நின்னு பாத்தவங்கதான் இந்த விளையாட்டையே மாத்தினாங்கன்னு நான் நம்பறேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை போர்ஷே 917. 1969ல வந்த வண்டி, 4.5 லிட்டர், 12 சிலிண்டர், அந்தக் காலத்துக்கு அசுர வேகம். ஆனா நேர் ரோட்டுல வேகமெடுத்தா பின்பக்கம் தூக்கிட்டு ரோடு முழுக்க அலையும். கம்பெனி டிரைவருங்களே ஓட்ட பயந்தாங்க. அந்த வருஷம் லெ மான்ங்கற 24 மணி நேர ரேஸ்ல ஜான் வுல்ஃப்னு சொந்தக் காசு போட்டு 917 வாங்கி ஓட்ட வந்தவர் முதல் லேப்லயே செத்துட்டார்.

அக்டோபர் மாசம் ஆஸ்திரியா செல்ட்வெக் டிராக்ல டெஸ்ட். அடுத்த வருஷம் போர்ஷேக்காக வண்டி ஓட்டப்போற ஜேடபிள்யூ டீம், அதாவது அந்த இளநீலம் ஆரஞ்சு கல்ஃப் கலர்காரங்க, அவங்களும் வந்திருக்காங்க. ஸ்ப்ரிங் மாத்தறாங்க, ஷாக் அப்சார்பர் மாத்தறாங்க, டயர் மாத்தறாங்க, எதுவும் வேலைக்காகல. அப்ப ஜான் ஹார்ஸ்மன்னு அந்த டீம் இஞ்சினியர் நின்னுட்டு இருக்கற வண்டிய சுத்தி வந்து பாக்கறார். முன்பக்கம் மூக்கு, கண்ணாடி எல்லாம் செத்த கொசு அப்பி ரத்தக்கறையா இருக்கு. பின்னாடி வால்ல இருக்கற ஸ்பாய்லர்ல, அதாவது காத்த வச்சு வண்டிய அமுக்கற தகட்டுல, ஒரு பூச்சிகூட இல்ல, துடைச்சு வச்ச மாதிரி சுத்தம்.

அவ்ளோதாங்க. பூச்சி அங்க ஒட்டலன்னா காத்தே அங்க போகலன்னு அர்த்தம். மேல வழிஞ்சு வர்ற காத்து கூரைய தாண்டினதும் வால விட்டு பிரிஞ்சு போயிடுது, ஸ்பாய்லர் சும்மா உக்காந்திருக்கு. உடனே மெக்கானிக்குங்க அலுமினியத் தகடு, டேப், ரிவெட் எல்லாம் வச்சு அங்கேயே வால உயர்த்தி, குட்டையா, மேல் நோக்கி ஏறற மாதிரி கட்டினாங்க. அதுவரைக்கும் ரெண்டு சுத்து சுத்திட்டு பிட்டுக்கு வந்துடற டிரைவர் வெளிய போனவர் திரும்பியே வரல, சுத்திட்டே இருந்தார். அந்த வால்தான் 917கே ஆச்சு. 1970ல ஹான்ஸ் ஹெர்மனும் ரிச்சர்ட் அட்வுட்டும் லெ மான் ஜெயிச்சாங்க, போர்ஷேவுக்கு அங்க கிடைச்ச முதல் ஒட்டுமொத்த வெற்றி.

இது மாதிரி உங்களுக்குத் தெரிஞ்சத போடுங்க. விண்ட் டனல் (காத்த வீசி வண்டிய சோதிக்கற கூடம்) படம், விளம்பரக் கட்டுரை லிங்க் எல்லாம் வேணாம், என்ன செஞ்சாங்க, ஏன் செஞ்சாங்க, என்ன ஆச்சு, அது போதும்.

#2 ரூல்புக்

நல்ல இழை. பூச்சி கதை முன்னாடியே தெரியும், ஆனாலும் படிக்கறப்ப சிலிர்க்குது.

என்னோடது அதுக்கும் 13 வருஷம் முன்னாடி. 1956 நூர்பர்க்ரிங் 1000 கிலோமீட்டர் ரேஸ். மைக்கேல் மேன்னு ஸ்விட்சர்லாந்து இஞ்சினியர் ஒருத்தர், இளம் வயசுப் பையன், தன்னோட போர்ஷே 550ல டிரைவர் தலைக்கு மேல பெரிய பலகை மாதிரி ஒரு விங் கட்டிட்டு வந்தார். விமான இறக்கைய கவுத்துப் போட்டா மேல தூக்கறதுக்குப் பதிலா கீழ அமுக்கும், இவ்ளோதான் யோசனை. அதுலயும் விங்கோட சாய்மானத்த ஓட்டிட்டே மாத்தலாம். பின்னாடி வர்றவங்களுக்கு ரோடு மறைக்குதுன்னு சொல்லி கழட்டச் சொல்லிட்டாங்க. ஃபார்முலா 1, அதாவது எஃப்1ல முழுசா விங் வர்றதுக்கு 1968 ஆச்சு. 12 வருஷம் அந்த யோசனை சும்மா கிடந்துச்சு.

அதுக்கும் முன்னாடி 1928ல ஓப்பல் ராக் 2ன்னு ராக்கெட் கார், ஃப்ரிட்ஸ் ஃபான் ஓப்பல் பெர்லின் ஆவுஸ் ரோட்டுல மணிக்கு 238 கிமீ ஓட்டினார். 24 ராக்கெட். வண்டி பறந்துடக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் கவுத்த இறக்கை. அதனால விங்க கண்டுபிடிச்சது யாருன்னு இங்க யாரும் சண்டை போட வேணாம்.

#3 பீளமேடு_பட்டறை

வணக்கமுங்க. நான் லேத் பட்டறை வச்சிருக்கேன், 30 வருசமா இரும்போடதான் பொழப்பு. ரேஸ் பாப்பேன், ஆனா இந்த காத்து விசயம் எனக்கு ஒரு நாளும் மனசுல ஏறலைங்க. வண்டிய ரோட்டோட அமுக்கணும்னா ரெண்டு மூட்டை சிமெண்ட் ஏத்திட்டா போச்சு, எதுக்குங்க இறக்கை? அப்புறம் காத்து போயி எத்தன கிலோ அமுக்கிடப் போவுது? தப்பா நெனைக்காதீங்க, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.

#4 பின்சிறகு

அண்ணா இதுல தப்பே இல்ல, இதுதான் சரியான கேள்வி.

சிமெண்ட் மூட்டை ஏத்தினா டயருக்கு பிடிமானம் கூடும், உண்மைதான். ஆனா வளைவுல திரும்பறப்ப அந்த மூட்டையையும் சேத்து திருப்பணும்ல, அதோட கனமும் வெளிப்பக்கம் தள்ளும். பிரேக் போட்டா அதையும் நிறுத்தணும், கிளம்பினா அதையும் இழுக்கணும். காத்து அமுக்கறது கனமே இல்லாத மூட்டை. டயர் மேல பாரம் விழும், வண்டியோட எடை ஏறாது. அதனாலதான் வளைவுல அந்த வேகம்.

இத முழுசா புரிஞ்சுட்டு செஞ்சவர் டெக்சஸ்காரர் ஜிம் ஹால். அவரோட டீம் சப்பரால். 1966ல 2இன்னு ஒரு வண்டி, பின்னாடி ரெண்டு கம்பு மேல டிரைவர் தலையவிட உயரத்துல ஒரு விங். அந்தக் கம்பு பாடியில மாட்டல, நேரா பின் சக்கரத்தோட அப்ரைட்ல, அதாவது சக்கரத்த தாங்கற பாகத்துல மாட்டினாரு. ஏன்னா பாடியில மாட்டினா விங் அமுக்கறப்ப ஸ்ப்ரிங் அமுங்கி வண்டி குனிஞ்சுடும், அப்ரைட்ல மாட்டினா பாரம் சுத்தமா டயருக்கே போகும். இன்னொண்ணு, அவங்க வண்டியில கிளட்ச் பெடல் கிடையாது, கியர்பாக்ஸ் அரை ஆட்டோமேட்டிக். இடது கால் சும்மா இருக்கு. அந்தக் காலுக்கு ஒரு பெடல் கொடுத்தாரு, நேர் ரோட்டுல மிதிச்சா விங் படுத்துடும், காத்துத் தடை குறையும். வளைவு வந்தா கால எடு, விங் நிமிந்து அமுக்கும். ஏதாவது கோளாறாகி பெடல் வேலை செய்யாமப் போனா விங் தானா அமுக்கற நிலைக்குத்தான் போகும். அந்தக் கடைசி விஷயத்த யோசிச்சு வச்சாரு பாருங்க, அங்கதான் நான் மனுஷன கும்பிடறேன். அந்த வருஷம் லகுனா செக்கால ஃபில் ஹில் இந்த வண்டியில ஜெயிச்சார்.

#5 ரூல்புக்

ஜிம் ஹால் யோசிச்சு செஞ்சார், சரி. அத பாத்து காப்பியடிச்சவங்க யோசிக்கல. அதையும் இங்க சொல்லியாகணும்.

1969 மே 4, பார்சிலோனா மோன்ட்ஜுயிக் டிராக்ல எஃப்1 ரேஸ். லோட்டஸ் 49 ரெண்டு, ஒண்ணுல க்ரஹாம் ஹில், இன்னொண்ணுல யோகன் ரிண்ட். ரெண்டுலயும் உயரமான மெல்லிய கம்பு மேல பெரிய விங். பிட் தாண்டி ரோட்டுல ஒரு மேடு, அதுல ஏறி இறங்கறப்ப வண்டி லேசா எம்பும். முதல்ல ஹில்லோட விங் மடிஞ்சுது, வண்டி தடுப்புல போய் மோதிச்சு. அவருக்கு ஒண்ணும் ஆகல. கொஞ்ச லேப் கழிச்சு அதே இடம், ரிண்டோட விங்கும் மடிஞ்சு, உடைஞ்சு கிடந்த ஹில்லோட வண்டி மேலயே போய் அடிச்சுது. ரிண்ட் முகத்துல எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போனார். விங்க எடுங்கன்னு வெளிப்படையா கடிதமே எழுதினார். அடுத்த ரேஸ் மொனாக்கோல, பிராக்டிஸ் நடுவுல, உயர விங் எல்லாத்தையும் தடை பண்ணிட்டாங்க. அந்தத் தடை சரின்னுதான் நான் சொல்வேன்.

#6 ஸ்கார்பரோ_சிவா

வணக்கம், நான் ரொறன்ரோவில இருந்து எழுதுறன். இங்க இருந்து காரில நாலு மணித்தியாலம் மட்டில போனா வட்கின்ஸ் க்ளென் எண்ட ரேஸ் டிராக் வரும். போன கோடையில பிள்ளையளோட போனனான். அங்க நின்ற ஒரு வயசான ஆள், 1970ல இந்த இடத்திலதான் காத்தாடி பூட்டின கார் ஓடினது, ஜாக்கி ஸ்டூவர்ட் ஓட்டினவர், தான் சின்னப் பெடியனா நிண்டு பாத்தது எண்டு சொன்னார். சத்தம் தான் தனக்கு இன்னும் காதுக்குள்ள நிக்குது எண்டார், ரெண்டு எஞ்சின் சத்தம் ஒண்டா கேக்குமாம். எனக்கு வடிவா விளங்கேல்ல. காத்தாடி காரைத் தள்ளுறதுக்கோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

#7 பின்சிறகு

சிவா அண்ணா, அந்தப் பெரியவர் குடுத்து வச்சவர். அது சப்பரால் 2ஜே. தள்ளறதுக்கு இல்ல, உறிஞ்சறதுக்கு.

மறுபடியும் ஜிம் ஹால்தான், கூட ஷெவர்லே ஆராய்ச்சிப் பிரிவு ஆளுங்க. விங்ல ஒரு குறை இருக்கு, வண்டி வேகமா போனாத்தான் அமுக்கும். மெதுவான வளைவுல விங் ஒரு தகடு, அவ்ளோதான். அதனால இவங்க யோசிச்சது வேற: வண்டிக்கு மேல காத்து அமுக்கறதுக்குப் பதிலா வண்டிக்கு அடியில இருக்கற காத்த எடுத்துட்டா என்ன? பின்னாடி பெட்டி மாதிரி சதுரமா இருக்கும், அதுல 17 இஞ்ச் ஃபேன் ரெண்டு. அத சுத்த மெயின் இஞ்சின் கிடையாது, தனியா ஒரு டூ ஸ்ட்ரோக் இஞ்சின், பனியில ஓடற ஸ்னோமொபைல் வண்டியோடது. ரெண்டு இஞ்சின் சத்தம்னு அவர் சொன்னது அதான். சுத்தி லெக்ஸான்ங்கற கெட்டி பிளாஸ்டிக் ஷீட்ல ஸ்கர்ட், அதாவது ஓரத்த அடைக்கற தடுப்பு, தரையோட ஒட்டின மாதிரி. வண்டி ஆடினாலும் ஸ்கர்ட் தரைக்கு மேல அதே இடைவெளியில நிக்கணும், அதுக்கு கேபிள் போட்டு சஸ்பென்ஷனோட கட்டி வச்சிருந்தாங்க. ஃபேன் எப்பவும் ஒரே வேகத்துல சுத்தும், அதனால மெதுவான வளைவுலயும் அதே உறிஞ்சல்.

வட்கின்ஸ் க்ளென்ல ஸ்டூவர்ட் அந்த ரேஸோட வேகமான லேப் போட்டார், ஆனா முடிக்கல. அப்புறம் விக் எல்ஃபர்ட் ஓட்டினார். ரோட் அட்லாண்டா, லகுனா செக்கா, ரிவர்சைட் மூணுலயும் போல், அதாவது ரேஸ்ல முதல் இடத்துலேந்து கிளம்பற உரிமை. ரிவர்சைட்ல ரெண்டாவது ஆளவிட 2 செகண்டுக்கு மேல வேகம், அந்த லெவல் போட்டியில 2 செகண்டுங்கறது பேசவே முடியாத இடைவெளி. ஆனா ஒரு ரேஸ்கூட ஜெயிக்கல. ஒரு இடத்துல மெயின் இஞ்சின் போகும், இன்னொரு இடத்துல அந்த சின்ன இஞ்சின் போகும். பின்னாடி வர்றவங்க மேல ரோட்டு மண்ணையும் கல்லையும் வாரி அடிக்குதுன்னு புகார். சீசன் முடிஞ்சதும் தடை. அதுக்கப்புறம் ஹால் கேன்-ஆம், அதாவது இந்த வண்டி ஓடின ரேஸ் தொடர், பக்கமே வரல. எனக்கு அது இன்னமும் வருத்தம்தான்.

#8 பீளமேடு_பட்டறை

அந்த கனமில்லாத மூட்டைங்கறது நல்லா புரிஞ்சுதுங்க தம்பி, நன்றி.

இப்ப ஒரு கணக்கு போட்டேன், சரியான்னு பாருங்க. நம்ம மேல இருக்கற காத்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அமுக்குது, இது கம்ப்ரசர் வச்சிருக்கற எல்லாருக்கும் தெரியும். ஒரு சதுர மீட்டர்னா 10,000 கிலோ, அதாவது 10 டன். கீழயும் அதே காத்து இருக்கறதால நமக்குத் தெரியறதில்ல. கீழ இருக்கற காத்துல நூத்துல ஒரு பங்கு அழுத்தம் கொறஞ்சாலே சதுர மீட்டருக்கு 100 கிலோ. வண்டியோட அடிப்பக்கம் 3 சதுர மீட்டர்னு வச்சு, நூத்துக்கு 3 பங்கு கொறச்சா 900 கிலோ. அடேங்கப்பா. கொஞ்சூண்டு உறிஞ்சினாலே போதுமாட்டருக்குதே.

ஆனா சந்தேகம் இருக்குங்க. ஓரத்துல காத்து உள்ள பூந்துடும். ரோடு என்ன கண்ணாடியா? அந்த ஸ்கர்ட் எவ்ளோ நேரம் தாங்கும்? நேர்ல பாக்காம நான் நம்ப மாட்டேன்.

#9 செக்கர்டு_ஃப்ளாக்

ஃபேன் கார்னு வந்துட்டா எஃப்1 ஃபேன் கார சொல்லாம எப்படி. பிராபம் பிடி46பி. நான் இத பத்தி கிடைச்சதெல்லாம் படிச்சிருக்கேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

1978ல லோட்டஸ் 79 எல்லாரையும் தூக்கி சாப்பிட்டுட்டு இருந்துச்சு. அதோட அடிப்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் கவுத்த இறக்கை வடிவத்துல குகை, அதுல காத்து வேகமா ஓடி அழுத்தம் குறைஞ்சு வண்டி தரையோட ஒட்டும். பிராபம் டிசைனர் கோர்டன் மர்ரேவால அத காப்பியடிக்க முடியல, ஏன்னா அவங்க இஞ்சின் ஆல்ஃபா ரோமியோ 12 சிலிண்டர், படுத்த மாதிரி அகலமா இருக்கும், குகை வரவேண்டிய இடத்துல சிலிண்டர் ஹெட் உக்காந்திருக்கு. அப்ப அவர் ரூல் புத்தகத்த எடுத்து படிச்சாரு. அசையற ஏரோ சாதனம் கூடாதுன்னு இருக்கு. ஆனா ஒரு சாதனத்தோட முக்கிய வேலை வேற ஏதாவதா இருந்தா? ரேடியேட்டர இஞ்சின் மேல படுக்க வச்சு, பின்னாடி பெரிய ஃபேன் வச்சு, இது இஞ்சின் கூலிங்குக்குன்னு சொன்னாரு. கூலிங் நிஜமாவே நடந்துச்சு, அதுதான் அழகு. ஆனா மிச்சக் காத்த அடியிலேந்து உறிஞ்சுச்சு. ஆரம்பத்துல டெஸ்ட்ல ஃபேன் இறக்கையெல்லாம் வேகம் தாங்காம உடைஞ்சு போச்சு, அப்புறம் மெக்னீசியத்துல செஞ்சாங்க.

ஜூன் 17, ஸ்வீடன் ஆண்டர்ஸ்டார்ப். பிட்ல ஃபேன் மேல குப்பைத்தொட்டி மூடி மாதிரி ஒண்ண வச்சு மூடி வச்சிருந்தாங்க. சப்பரால் மாதிரி தனி இஞ்சின் இல்ல, ஃபேன் கியர்பாக்ஸ் வழியா மெயின் இஞ்சினோட சேந்து சுத்தும். அதனால நின்னுட்டு இருக்கறப்ப ஆக்சிலரேட்டர ஒரு தட்டு தட்டினா வண்டி அப்படியே கீழ குந்தும், பக்கத்துல இருக்கறவன் கண்ணுக்கே தெரியும். டிரைவரும் வளைவுல காலத் தூக்கக் கூடாது, தூக்கினா ஆர்பிஎம் போயிடும், ஆர்பிஎம் போனா உறிஞ்சல் போயிடும். வளைவுல நழுவற மாதிரி இருந்தா இன்னும் மிதிக்கணும், பழக்கத்துக்கு அப்படியே நேர்மாறு. குவாலிஃபையிங்ல வண்டியோட உண்மையான வேகம் வெளிய தெரியக்கூடாதுன்னு டாங்க் நிறைய பெட்ரோல் ஊத்தி ஓட்டச் சொன்னாங்க, அப்பவும் ஜான் வாட்சன் ரெண்டாவது, நிக்கி லாடா மூணாவது.

ரேஸ்ல ஒரு வண்டியிலேந்து ரோட்டுல ஆயில் கொட்டிருச்சு. மத்தவங்கெல்லாம் பனிக்கட்டி மேல நடக்கற மாதிரி போறாங்க, லாடாவுக்கு ஆயில் இருக்கறதே தெரியாத மாதிரி போகுது. லோட்டஸ் ஓட்டின மரியோ ஆண்ட்ரெட்டிய தாண்டினதுக்கப்புறம் திரும்பிப் பாக்கல. ரெண்டாவது வந்த பட்ரேசேவவிட 34 செகண்ட் முன்னாடி முடிச்சார். வாட்சன் வண்டி பாதியில நின்னுது. அந்த ஒரு ரேஸ்தான். மத்த டீம் ஓனருங்க எல்லாம் கொதிச்சுட்டாங்க. பிராபம் ஓனர் பெர்னி எக்கிள்ஸ்டன் அப்பதான் எல்லா டீமையும் ஒண்ணா சேத்து சங்கம் நடத்திட்டு இருக்கார், அது உடைஞ்சுடும்னு வண்டிய அவரே வாபஸ் வாங்கிட்டார், அப்புறம் ஃபேனையும் தடை பண்ணிட்டாங்க. ஜெயிச்சது ஜெயிச்சதுதான்னு ரிசல்ட் மட்டும் நின்னுச்சு. ஓடின ஒரே ரேஸ ஜெயிச்ச வண்டி.

#10 ரூல்புக்

எழுதினது பிரமாதம், ஆனா தடை சரிதான். கூலிங்குக்குன்னு சொல்லி உள்ள கொண்டு வந்தது ரூலோட எழுத்துக்கு சரி, ரூலோட நோக்கத்துக்கு விரோதம். அசையற ஏரோ சாதனத்த 1969ல எதுக்கு தடுத்தாங்க? அது உடைஞ்சா டிரைவருக்கு ஒரு வாய்ப்பும் இல்லைங்கறதுக்காக. ஃபேன் பெல்ட்டோ கிளட்ச்சோ வளைவு நடுவுல போச்சுன்னா என்ன ஆகும்? 1978ல ஓட்டின டிராக்குங்கள நெனச்சு பாருங்க, வெறும் இரும்புத் தடுப்பு, பல இடத்துல அதுவும் கிடையாது.

#11 செக்கர்டு_ஃப்ளாக்

ப்ரோ, உடைஞ்சா ஆபத்துங்கறது லோட்டஸுக்கும் பொருந்தும்ல? அதுலயும் குகை ஓரத்த அடைக்க மேலயும் கீழயும் நகர்ற ஸ்கர்ட் இருக்கு, அது மேலயே மாட்டிக்கிட்டா அந்த செகண்டே பாதி டவுன்ஃபோர்ஸ், அதாவது காத்து அமுக்கற பாரம், காலி. அந்த ஸ்லைடிங் ஸ்கர்ட்ட 1980 முடியற வரைக்கும் விட்டாங்களே. இன்னும் சொல்லப்போனா ஃபேன் வண்டி சறுக்கி பக்கவாட்டுல போனாலும் உறிஞ்சிட்டே இருக்கும், குகை வண்டி பக்கவாட்டுல போனா காத்து வர்ற திசையே மாறிடும். பாதுகாப்புதான் காரணம்னா ரெண்டையும் ஒரே நாள்ல நிறுத்தியிருக்கணும். ஒருத்தன் கண்டுபிடிச்சா தடை, பத்து பேர் காப்பியடிச்சுட்டா அனுமதி, இதத்தான் என்னால ஏத்துக்க முடியல.

#12 ரூல்புக்

ஸ்கர்ட் விஷயத்துல நீங்க சொல்றது நியாயம், அத இன்னும் சீக்கிரம் நிறுத்தியிருக்கணும். ஆனா ஃபேன் விட்டிருந்தா அடுத்த வருஷம் எல்லா வண்டியிலயும் ஃபேன் வந்திருக்கும், அதுக்கடுத்த வருஷம் இன்னும் பெரிய ஃபேன். வளைவு வேகம் அப்படி ஏறினா மனுஷ கழுத்து தாங்காது. இதுல நான் மாற மாட்டேன்.

#13 நூல்கண்டு

ஹாய் எல்லாருக்கும், ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், முதல் போஸ்ட். காலேஜ்ல படிக்கறப்ப ஃபார்முலா ஸ்டூடண்ட் (மாணவர்களே ரேஸ் கார் செய்யற போட்டி) டீம்ல ஏரோ பாத்துட்டு இருந்தேன்.

லோட்டஸ் கதையோட ஆரம்பத்த யாரும் சொல்லல. லண்டன் இம்பீரியல் காலேஜ் விண்ட் டனல்ல லோட்டஸ் 78க்கு, அதாவது 79க்கு முந்தின வண்டிக்கு, மாடல் டெஸ்ட் நடக்குது, பீட்டர் ரைட்தான் பாத்துக்கறார், கீழ ரோடு மாதிரி பெல்ட் ஓடும். ரீடிங் நிலையாவே இல்ல, ஒரே செட்டிங்ல ஒருவாட்டி ஒரு நம்பர், அடுத்தவாட்டி வேற நம்பர். ஏன்னு கிட்ட நின்னு பாத்தா, ரொம்ப நேரம் ஓடின மாடல்ல சைட்பாட், அதாவது வண்டியோட பக்கவாட்டுப் பெட்டி, ரெண்டும் லேசா தொங்கிப் போயிருக்கு, ஓரம் கிட்டத்தட்ட பெல்ட்ட தொட்ட மாதிரி வந்துடுது. முதல்ல கம்பி கட்டி இழுத்து நிறுத்தறாங்க. அப்புறம்தான் உறைக்குது, ஓரம் தரைக்கு கிட்ட வர வரத்தானே டவுன்ஃபோர்ஸ் ஏறுது! உடனே அட்டைய வெட்டி ஓரத்துல ஒட்டி இடைவெளிய அடைச்சு பாத்தாங்க, நம்பர் எகிறிருச்சு. ஸ்கர்ட் பிறந்த கதை இதான். மாடல் உறுதியா செஞ்சிருந்தா அவங்க அத பாத்திருக்கவே மாட்டாங்கன்னு நெனைக்கறப்ப எனக்கு என்னமோ பண்ணும். 1977ல அந்த 78 அஞ்சு ரேஸ் ஜெயிச்சுது, அடுத்த வருஷம் 79ல ஆண்ட்ரெட்டி சாம்பியன்.

எங்க கதை ரொம்ப சின்னது. எங்க வண்டிக்கு சைட்பாட் வழியா ரேடியேட்டருக்கு காத்து போகணும், கம்ப்யூட்டர்ல எல்லாம் அழகா போகுது, ஆனா ஓட்டினா அஞ்சே நிமிஷத்துல தண்ணி கொதிக்குது. ஃபேன் மாத்தினோம், தண்ணி பம்ப் மாத்தினோம், ஒண்ணும் ஆகல. அப்ப ஒரு சீனியர் அக்கா ஸ்வெட்டர் பின்ற கம்பளி நூல் ஒரு உருண்டை வாங்கிட்டு வந்தாங்க, சிவப்பு. விரல் நீளத்துக்கு வெட்டி, செல்லோ டேப்ல ஒரு முனைய மட்டும் ஒட்டி, சைட்பாட் பூரா நூத்துக்கணக்குல. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒட்டினோம், விரல் நுனியெல்லாம் டேப் பிசின். காலைல கோயம்புத்தூர் செட்டிபாளையம் கரி டிராக்ல, பக்கத்துலயே பைக்ல ஃபோன் பிடிச்சுட்டு ஒருத்தன் வந்தான்.

வீடியோவ மெதுவா ஓட்டி பாத்தோம். மூக்குலேந்து முன் சக்கரம் வரைக்கும் நூல் எல்லாம் சீவி விட்ட மாதிரி பின்னாடி படுத்திருக்கு. முன் சக்கரத்துக்குப் பின்னாடி, சரியா சைட்பாட் வாய் ஆரம்பிக்கற இடத்துல, நூல் எல்லாம் பைத்தியம் பிடிச்ச மாதிரி சுத்துது. நாலஞ்சு நூல் நேர் எதிரா முன்னாடி பாத்து நிக்குது. காத்து உள்ள போகல, வெளிய வந்துட்டு இருந்துச்சு. கம்ப்யூட்டர் மாடல்ல நாங்க சக்கரத்த சுத்தாத சக்கரமா போட்டிருந்தோம், அதுதான் தப்பு. சைட்பாட் வாய நாலு இஞ்ச் மேல ஏத்தி வெட்டினோம், கொதிக்கறது நின்னுது. அந்த சிவப்பு நூல்ல ஒண்ணு இன்னமும் என் பர்ஸ்ல இருக்கு.

#14 பின்சிறகு

நூல்கண்டு, இந்த இழைய நான் ஆரம்பிச்சதே இப்படி ஒரு போஸ்டுக்காகத்தான். ரொம்ப நன்றி. அந்த அக்காவுக்கும் சொல்லுங்க.

#15 மழைநாள்_டயர்

மொனாக்கோ 2001ல ஆரோஸ் டீம் மூக்கு மேல, டிரைவர் கண்ணுக்கு நேரா, ஒரு குட்டி விங் தூக்கி வச்சுட்டு வந்தாங்க. வியாழன் பிராக்டிஸோட தடை.

ஆனா என் ஓட்டு மெக்லாரன் 2010 எஃப்-டக்ட்டுக்கு. அசையற சாதனம் கூடாதா, சரி, டிரைவர் உடம்பு அசையலாம்ல? மூக்குல ஒரு சின்ன ஓட்டை, காத்து உள்ள வருது, காக்பிட்ல இன்னொரு ஓட்டை, நேர் ரோட்டுல டிரைவர் இடது முழங்கால வச்சு அத அடைச்சா காத்து பின் விங் பக்கம் போய் அங்க ஓட்டத்த குலைச்சுடும், விங் ஸ்டால் ஆகி, அதாவது அமுக்கற வேலைய நிறுத்தி, காத்துத் தடை குறைஞ்சு வேகம் ஏறும். மத்த டீம்கள் அவசரமா காப்பியடிச்சப்ப முழங்காலுக்கு வசதியா வைக்க முடியாம ஃபெராரில கைய வச்சு அடைச்சாங்க, 300 கிமீ வேகத்துல ஒத்தக் கையில ஸ்டியரிங். இத பாத்தப்ப ரூல்புக் சார் சொல்ற பாதுகாப்பு எனக்கும் புரிஞ்சுது. 2011ல தடை பண்ணிட்டு டிஆர்எஸ், அதாவது நேர் ரோட்டுல பின் விங்கத் திறந்து காத்துத் தடைய குறைக்கற அமைப்பு, கொண்டு வந்தாங்க.

#16 ஸ்கார்பரோ_சிவா

எல்லாருக்கும் நன்றி, இப்ப வடிவா விளங்குது. இந்தக் காத்தாடி அதோட செத்துப் போச்சுதோ?

#17 செக்கர்டு_ஃப்ளாக்

சாகல அண்ணா. கோர்டன் மர்ரேயே தன்னோட டி.50 ரோடு கார்ல பின்னாடி 400 மில்லிமீட்டர் ஃபேன் வச்சிருக்கார், 2020ல வெளிய காட்டினார். இங்கிலாந்து மெக்மர்ட்ரி ஸ்பியர்லிங்னு எலக்ட்ரிக் ஃபேன் கார் 2022 குட்வுட் மேட்டு ரோட்டு ரேஸ்ல 39.08 செகண்ட்ல ஏறி அங்க எல்லா ரெக்கார்டையும் உடைச்சுது. நின்ன இடத்துலயே ரெண்டு டன் உறிஞ்சும். 2025ல அந்த வண்டிய ஒரு மேடையோட தலைகீழா திருப்பி, தலைகீழாவே கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டினாங்க, விழல.

#18 பீளமேடு_பட்டறை

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நாலு நாளா இந்தப் பக்கம் வரல. நேர்ல பாக்காம நம்ப மாட்டேன்னு சொன்னேனில்லீங்க, அதான் செஞ்சே பாத்துட்டேன்.

ரெண்டடிக்கு ரெண்டடி பிளைவுட் பலகை, முக்கால் இஞ்ச் கனம். நடுவுல ஓட்டை போட்டு பழைய வேக்கம் கிளீனர் மோட்டார் ஒண்ண கவுத்து மாட்டினேன், தூசி பை இல்லாம. நாலு மூலைக்கும் மரக்கட்டை கால். சுத்தி ஓரத்துக்கு சைக்கிள் ட்யூப வெட்டி ஆணி அடிச்சு தரையத் தொடற மாதிரி தொங்க விட்டேன். பட்டறை சிமெண்ட் தரை, நல்லா கூட்டி வச்சேன். கொக்கி மாட்டி ஸ்ப்ரிங் தராசு வச்சு இழுத்தேன்.

மோட்டார் போடாம இழுத்தா பலகை நகர 4 கிலோ. மோட்டார் போட்டேன், சைக்கிள் ட்யூப் அப்புடியே உள்பக்கம் மடங்கி தரையோட சப்புன்னு ஒட்டுச்சுங்க, கண்ணால பாத்தேன். இப்ப இழுக்கறேன், 10, 15, 20 தாண்டியும் நகரல. 23 கிலோவுல தான் நகந்துச்சு. எங்க பையன் ரெண்டு கையிலயும் தூக்கப் பாத்தான், முடியல.

அப்புறம்தான் முக்கியமானது. ஒரு ஓரத்துல ட்யூபுக்கு அடியில ஒரு தீக்குச்சிய சொருகினேன். ஒரே தீக்குச்சி. 23 கிலோ 9 கிலோவா எறங்கிருச்சு. எதிர் ஓரத்துல இன்னொண்ணு வச்சேன், 6. நான் சந்தேகப்பட்ட இடம் சரியான இடந்தான், ஆனா அவங்க அத தெரிஞ்சேதான் கேபிள் போட்டு அந்தப் பாடு பட்டிருக்காங்க. ரேஸ் ஓடற வண்டியில, அத்தன ஆட்டத்துல, தீக்குச்சி அளவு இடைவெளிய காப்பாத்தறதுன்னா சும்மாவா. 1970லங்க.

இன்னொண்ணு, கூட்டித்தான் வச்சேன், ஆனாலும் தரை இடுக்குல இருந்த இரும்புத் தூள் பூரா மோட்டார் வழியா மேல வந்து மூஞ்சியில அடிச்சுருச்சு. கண்ணாடி போட்டிருந்ததால தப்பிச்சேன். பின்னாடி ஓட்டுனவங்க கல்லு வருதுன்னு புகார் சொன்னது உண்மையாத்தான் இருக்கும்.

#19 ரூல்புக்

அண்ணா, தீக்குச்சி கணக்குக்கு முன்னாடி நான் எழுதின பத்து வரியும் ஒண்ணுமில்ல. இதத்தான் சொல்ல வந்தேன், ஓரம் கொஞ்சம் தூக்கினா எல்லாம் போச்சு.

#20 செக்கர்டு_ஃப்ளாக்

அதே தீக்குச்சி என் கட்சிக்கும் சாட்சி சொல்லுது ரூல்புக் சார். ரெண்டு தீக்குச்சி வச்சப்பறமும் 6 கிலோ, சும்மா இருக்கறப்ப 4. மோட்டார் ஓடற வரைக்கும் ஏதோ ஒரு உறிஞ்சல் மிச்சம் இருக்கு.

#21 நூல்கண்டு

அண்ணா ஒரு விண்ணப்பம். அடுத்தவாட்டி ஓரத்துல அங்கங்க நூல் ஒட்டி பாருங்க, எந்த மூலையில காத்து உள்ள பூருதுன்னு நூலே உள்பக்கம் இழுத்துக் காட்டிடும். ட்யூப் மூலையில மடங்கற இடத்துலதான் ஓட்டை இருக்கும்னு நெனைக்கறேன்.

#22 பீளமேடு_பட்டறை

நல்ல யோசனைங்க. மூலையிலதான் எனக்கும் சந்தேகம், அங்க ட்யூப் சுருங்கி நிக்குது. ட்யூப எடுத்துட்டு, மேலயும் கீழயும் தானா நகர்ற மாதிரி காடி வெட்டி லெக்ஸான் பட்டை விட்டு பாக்கலாம்னு இருக்கேன், கடையில ரெண்டு எம்எம் ஷீட் துண்டு சொல்லி வச்சிருக்கேன், வெள்ளிக்கிழமை வருது. நூல் வீட்டுலயே இருக்குதுங்க, சம்சாரம் பின்றாங்க. அளவு எடுத்ததும் இங்கயே போடறேன்.